அண்ணாவும், கடதாசி ஒட்டி மறைத்த இரண்டு ஆட்டக்காரர்களும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அண்ணாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்காக இன்று கூடியிருக்கிறோம். அவருடன் பிறந்தவள் நான் ஒருத்திதான். சென்ற ஆண்டு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று உங்கள் எல்லோருக்கும் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் கல்வெட்டு என்ற சிறு புத்தகம் தரப்பட்டது நினைவிருக்கும். அதன் மூன்றாம் பக்கத்தில் பாதி வெறுமையாக இருந்ததும் நினைவிருக்கும். பிரதி எடுக்கும் இயந்திரத்தின் கோளாறு என்று பலர் நினைத்தீர்கள். சிலர் என்னிடமே அப்படிச் சொல்லி ஆறுதல் கூறினீர்கள். இயந்திரத்தில் ஒரு கோளாறும் இருக்கவில்லை. இங்கே சுவிஸில் சூக் நகரத்தில் இருக்கும் எங்கள் சித்தப்பா அதைப் பிரதி எடுக்கக் கொண்டுபோன இடத்தில், நான் எழுதிக் கொடுத்த இரண்டு பந்திகளின் மேல் வெள்ளைக் கடதாசியை வெட்டி ஒட்டிவிட்டார். சித்தப்பாவும் இந்த மலரை வாசிப்பார். வாசிக்கட்டும்.

அண்ணா யாழ்ப்பாணத்தில் வலிகாமத்தின் வடக்கே கரையோரக் கிராமமொன்றில் பிறந்தவர். அப்பா சிறு கடை வைத்திருந்தார். அவர் இளவயதிலேயே காலமாகிவிட, குடும்பப் பொறுப்பு முழுவதும் அண்ணாவின் தலையில் விழுந்தது. எஸ்.எஸ்.சி.யுடன் படிப்பை நிறுத்தி ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் அங்கேயே மனேச்சரானார். என்னைப் படிப்பித்தார், கட்டிக் கொடுத்தார், அம்மாவைக் கடைசிவரை பார்த்தார். தான் கலியாணம் செய்யவில்லை. இவ்வளவும் அந்தக் கல்வெட்டில் இருந்தது. ஆனால் இதற்குக் கீழே சித்தப்பா தன் பங்குக்கு ஒரு வரியைச் சேர்த்திருந்தார்: "அன்னார் வீண் பொழுதுபோக்குகளில் நாட்டமில்லாதவர்."

யார், எங்கள் அண்ணாவா? ஊர் மைதானத்தில் உதைபந்தாட்டம் என்றால் சங்கக்கடைக் கதவு முன்னதாகவே சாத்தப்படும். சீனிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற சனம் அவரை வாயில் வந்தபடி ஏசிவிட்டு, வேறு வழியில்லாமல் பையும் கையுமாக அவருக்குப் பின்னாலேயே மைதானத்துக்குப் போகும். அவருக்கு விளையாட வராது. பந்து தன் பக்கம் வந்தால் விலகி நிற்பார். பார்ப்பதுதான் அவருடைய வேலை, அதைச் சாகும்வரை அலுக்காமல் செய்தார். எல்லோரும் மைதானத்தின் நீளப் பக்கத்தில் நிற்க, அவர் மட்டும் கோல் கம்பங்களுக்குப் பின்னால் வேலியோரம் நிற்பார். அங்கிருந்தால்தான் ஆட்டக்காரரின் முகம் தெரியும் என்பார். இதெல்லாம் வீண் என்றால் வீண்தான். ஆனால் நாட்டமில்லாதவர் என்று எழுத எப்படி மனம் வந்ததோ தெரியாது.

அந்த வெள்ளை இடத்துக்குள் இருந்தவர்கள் இரண்டு பேர். அவர்களை இப்போது எழுதுகிறேன்.

முதலாமவர் அரியம். எங்கள் ஊர் அணியின் கோல்காப்பாளர், அண்ணாவின் வாயில் எப்போதும் "கோலி". மீன் சந்தையில் பெட்டி தூக்கிப் பிழைத்தவர். கையுறையை அவர் கண்ணால் கண்டதில்லை. விரல் பிசகினால் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வந்து நிற்பார். பெனால்ட்டி என்றால் பந்தைப் பார்க்கவே மாட்டாராம். உதைப்பவன் ஊன்றும் காலைப் பார்த்து, அந்தப் பாதம் திரும்பிய பக்கம் பாய்வாராம். கம்பத்துக்குப் பின்னால் நின்று இதைக் கண்டுபிடித்தவர் அண்ணா. அரியத்திடம் கேட்டபோது, தான் அப்படிச் செய்வது தனக்கே தெரியாது என்றாராம். கோல் வாங்கினால் முன்னால் நிற்பவர்களைக் குறை சொல்லமாட்டார். பந்தை எடுத்து, மண்ணைச் சட்டையில் துடைத்துவிட்டு எறிவார்.

மற்றவர் திரவியம். தச்சுத் தொழிலாளி, இடது கரையால் ஓடுபவர். அவருக்கு வலது கால் நடக்க மட்டுந்தான் என்று அண்ணா பகிடி பண்ணுவார். பந்து கிடைத்தால் அவர் எந்தப் பக்கமாகப் போவார் என்பது எதிரணிக்கும் தெரியும், பார்க்க வந்த சனத்துக்கும் தெரியும். தெரிந்தும் மறிக்க ஆள் இருக்கவில்லை. கோல் அடித்துவிட்டால் ஏதோ களவு செய்தவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருவார். அந்தக் கூச்சத்தைச் சொல்லும்போதெல்லாம் அண்ணாவுக்குக் கண் கலங்கும். நானே பத்துத் தடவைக்கு மேல் கேட்டிருப்பேன், ஒவ்வொரு முறையும் கலங்கும்.

இந்த இரண்டு பேரில் சித்தப்பாவுக்கு என்ன கோபம்? அதை அவர் வாயால் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். அவர்கள் எங்கள் சாதி இல்லை. ஒருமுறை வெற்றி பெற்ற மகிழ்ச்சியில் அண்ணா அரியத்தை வீட்டுக்குக் கூட்டி வந்தார். எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரிலும் அவருக்கு முற்றத்தில் தகரப் பேணியிலும் தேநீர் கொடுக்கப்பட்டது. அண்ணா உள்ளே போய் இன்னொரு தகரப் பேணியைத் தேடி எடுத்து, அதில் தன் தேநீரை ஊற்றிக்கொண்டு, அரியத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவர் வேறு எதிலும் குடித்ததில்லை. அம்மா அழுதும் பார்த்தார், அந்தப் பேணியை ஒளித்தும் பார்த்தார்.

எண்பத்து நான்கில் அண்ணா இந்த நாட்டுக்கு வந்தார். சோலோதுர்னில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவினார், பின்னர் மரக்கறி வெட்டவும் சோஸ் கிண்டவும் பழகினார். அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமலே இருந்தது. பின்னால் வந்த எனக்கும் என் கணவருக்கும் தங்க இடம் பார்த்துத் தந்தவரும் அவரே. அந்த நாட்களில்தான் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் அரியம் இறந்த செய்தியைச் சொன்னார். காய்ச்சல் முற்றியும் ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லையாம். அண்ணா எழுந்து போய்த் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து துடக்குக் காத்தார்.

இங்கே பிறக்கும் எங்கள் பிள்ளைகளுக்காக இதை விளக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் சாவு நேர்ந்தால் அந்த வழியில் வந்தவர்கள் அந்தியேட்டி வரை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடாமல், கோயிலுக்கும் நல்ல காரியங்களுக்கும் போகாமல் இருப்பார்கள். அப்படி இருக்க வேண்டியவர்களைத் துடக்குக்காரர் என்போம். இரத்த உறவு இல்லாத ஒருவருக்கு யாரும் துடக்குக் காப்பதில்லை. அண்ணா காத்தார். சமையலறையில் எல்லோரும் சொசேஜ் சாப்பிட, இவர் உருளைக்கிழங்கை மட்டும் தின்றுகொண்டிருந்ததை அவருடைய செஃப் கவனித்துக் காரணம் கேட்டிருக்கிறார். தனக்குத் தெரிந்த ஜெர்மனில் அண்ணா தங்கள் ஊர்க் கோலி என்றும் அவர் செத்துவிட்டார் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தச் சுவிஸ்காரர் என்ன உறவு என்று கேட்கவில்லை. நல்ல கோலியா என்று கேட்டாராம். பிறகு அந்த மாதம் முழுவதும் அண்ணாவுக்கு முட்டையும் இல்லாமல் தனியாகச் சமைத்துக் கொடுத்தாராம்.

எங்கள் சித்தப்பா வேறு மாதிரிக் கேட்டார். அந்த மாதத்தில்தான் பெரியபிள்ளையான அவருடைய மகளுக்குச் சாமத்தியச் சடங்கு வைத்திருந்தார்கள், சமையல் முழுவதும் அண்ணாவின் பொறுப்பு என்று முன்பே பேசியிருந்தார்கள். துடக்கு, வர முடியாது என்று அண்ணா தொலைபேசியில் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஆர் செத்தது, எந்த அரியம் என்று சித்தப்பா கேட்டது எனக்கே கேட்டது. கடைசியில், "அவன் உனக்கு என்ன முறை?" என்று கத்தினார்.

"முறை எனக்குத் தெரியாது சித்தப்பா," என்றார் அண்ணா. "ஆனா துடக்கு இருக்கு."

அதன்பின் இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. சில மாதங்களில் திரவியத்தின் பட்டறையில் ஷெல் விழுந்து அவரும் போனார். அண்ணா அவருக்கும் அப்படியே இருந்தார். எங்கள் சனத்தில் இதைக் கேள்விப்பட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. குளிரில் அண்ணாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னாராம். இன்று அவர் முன்வரிசையில் இருப்பார் என்று நினைக்கிறேன்.

வயிற்றில் வந்த நோய் அண்ணாவை மெல்ல மெல்லக் கரைத்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தன்னைப் பற்றி அவர் அதிகம் கதைக்கவில்லை. தலையணையில் சாய்ந்தபடி பழைய ஆட்டங்களை உதை உதையாகச் சொல்வார், தாதிமார் வந்தாலும் நிறுத்தமாட்டார். ஒருநாள் பின்னேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னார்:

"தங்கச்சி, உவங்கள் ரெண்டு பேருக்கும் ஒருத்தரும் கல்வெட்டு அடிக்கேல்லை. எத்தினை பேரைச் சந்தோசப்படுத்தினவங்கள், ஒரு வரி இல்லை. என்ரை கல்வெட்டிலை கொஞ்சம் இடம் குடு."

நான் ஓம் என்றேன். அண்ணா வாழ்நாள் முழுவதும் என்னிடம் கேட்ட ஒரேயொரு பொருள் அது. அந்த இடத்தில்தான் கடதாசி ஒட்டப்பட்டது.

அந்தியேட்டி மண்டபத்தில் கல்வெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சித்தப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "பிள்ளை, இது எங்கடை குடும்பக் கல்வெட்டு, ஊருக்கும் போகும். கண்ட ஆக்களின்ரை பேரையும் போட்டு மானத்தை வாங்காதை," என்றார். ஐயர் கிரியை செய்துகொண்டிருந்தார், சனம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

சித்தப்பா, முறைப்படி பார்த்தால் அண்ணாவுக்கு முதல் துடக்குக்காரர் நீங்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து, அந்தியேட்டிக்கு முன்னர், லோசானில் நடந்த கலியாணத்தில் முன்வரிசையில் இருந்து சாப்பிட்டு வந்தவரும் நீங்கள். இந்தக் காலத்தில் அதெல்லாம் பார்க்க முடியுமோ என்று என் கணவரிடம் சொன்னீர்களாம். பார்க்க முடியும். அரியத்தின் மகன் லோசானில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறார். அண்ணாவின் செத்த வீட்டுக்கு ரயில் ஏறி வந்து, தகனசாலை வாசலில் குளிருக்குள் நின்றவர் அவர்தான். நீங்கள் ஒருவரும் அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. நானே போய்க் கூட்டி வந்து வாய்க்கரிசி போட வைத்தேன். உங்கள் முகம் போன போக்கையும் கண்டேன். நீங்கள் போன அதே கலியாணத்துக்கு அவருக்கும் அழைப்பு இருந்தது. அவர் போகவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "எங்களுக்குத் துடக்கு," என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணாவின் இறுதி நாட்களில் துணை நின்ற தாதிமாருக்கும், செத்த வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சமைத்துத் தந்த அயல் வீட்டாருக்கும், உணவகத்தைப் பூட்டிவிட்டுத் தன் ஆட்கள் எல்லோருடனும் தகனசாலைக்கு வந்த செஃபுக்கும் எங்கள் நன்றி. தகனசாலை அலுவல்களையும் அரசாங்கக் கந்தோர் அலுவல்களையும் ஓடியாடிச் செய்தவர் சித்தப்பாதான், அதற்கு அவருக்கும் நன்றி. செய்த உதவியின் மேல் நான் கடதாசி ஒட்டமாட்டேன். அரியத்தின் மகனுக்கு நன்றி சொன்னால் அவர் கோபிப்பார், வீட்டாருக்கு வீட்டார் நன்றி சொல்வதில்லை.

இந்த முறை எழுதியதும் நானே, பிரதி எடுக்கப் போவதும் நானே. கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மரண அறிவித்தலில் விடுபட்டதையும் சேர்த்து இங்கே முழுமையாக எழுதி முடிக்கிறேன்.

அன்னார், காலஞ்சென்ற எங்கள் பெற்றோரின் மூத்த மகனும், எனது ஒரே தமையனும், காலஞ்சென்றவர்களான அரியம், திரவியம் ஆகியோரின் துடக்குக்காரரும் ஆவார்.