அவள் என்னைவிட ஒரு விரல் உயரம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விலங்கியலில் எம்எஸ்சி வரை வந்துவிட்டேன். கடைசி வருட ஆய்வுக்குப் பேராசிரியை கொடுத்த தலைப்பு, சாலமாண்டர், நியூட் வகைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள உடல் அளவு வித்தியாசம். பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளைக்குச் சொந்தம். எங்கள் கொல்லிமலையில் ஒன்றுகூடக் கிடையாது. டார்ஜிலிங் பக்கம் போக வேண்டும். "அதைக் கட்டுரைகளிலிருந்து எடுத்துக்கொள், ஒப்பிட உன் மலைத் தேரையை அளந்து வா" என்றார்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. மழை விட்ட சாயங்காலங்களில் அரியூர் நாட்டு நெல்வயல் வரப்புகளில் குந்தி, மூக்கு நுனியிலிருந்து பின்புறம் வரை காலிப்பர் வைத்து அளந்தேன். பெண் தேரை பெரியது. ஆண் சின்னதாக அவள் முதுகில் கட்டிக்கொண்டு போகும். சாலமாண்டரிலும் பெரும்பாலும் பெண்தான் பெரியவள். வயிறு நிறைய முட்டைக்கு இடம் வேண்டுமே. ஆண்கள் ஒன்றையொன்று கடித்துச் சண்டை போடுகிற சில வகைகளில் மட்டும் ஆண் பெரியதாக இருக்கும். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பஸ் டிரைவரின் ஞாபகம் வந்து எரிச்சலாக இருக்கும்.

அவர் மலைக்கு வரும் பஸ்ஸை ஓட்டுபவர். வாட்டசாட்டமான ஆள், கதவில் ஏறும்போது தலையைக் குனிந்துதான் ஏறுவார். வாழவந்தி நாட்டில் இருக்கும் என் அத்தை மகளை அவர் வீட்டில் பெண் கேட்டிருந்தார்கள். முறைப்படி முதல் பேச்சு எனக்கு. அதனால் அத்தை எங்களை முதலில் கூப்பிட்டது.

எங்கள் உறவில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு எடுக்கும் முன் பையனையும் பெண்ணையும் வாசற்படிக்கு முன்னால் முதுகோடு முதுகு நிறுத்தி, இரண்டு தலைக்கும் சேர்த்து ஒரு முறத்தைக் கவிழ்த்து வைப்பார்கள். முறம் பெண் பக்கம் சரிந்தால் அவள் குட்டை, மேலே பேசலாம். பையன் பக்கம் சரிந்தால் காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

நின்றோம். முறம் கொஞ்சம் யோசித்தது மாதிரி ஆடிவிட்டு அவள் பக்கம் சரிந்தது. அப்பா சிரித்துவிட்டார். அத்தை மட்டும் முறத்தை எடுத்துக்கொண்டே, "ஏதோ சரிஞ்சுது போ. அந்த டிரைவர் தம்பியா இருந்தா முறம் வழுக்கிட்டுக் கீழயே வந்திருக்கும்" என்றது.

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"முறத்துல என்னங்கத்தை தெரியும்? டேப்புல பாத்துப்போம்" என்று பையிலிருந்து டேப்பை எடுத்தேன். என் உயரத்தை அப்பாவிடம் அளக்கச் சொன்னேன். பிறகு அவளிடம் திரும்பி, "நேரா நில்லு" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். ஏன் முறைக்கிறாள் என்று அப்போது விளங்கவில்லை. "நேரா நில்லுன்னா" என்று மறுபடியும் சொன்னேன். அவள் மெதுவாக நிமிர்ந்தாள். நிமிர நிமிர வந்துகொண்டே இருந்தாள். டேப்பில் அவள் என்னைவிட ஒரு விரல் அதிகம்.

அப்பா காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

தண்ணித் தொட்டிப் பக்கம் போய் நின்றவளிடம் நான் போனேன்.

"ஏனுங்க மச்சான், முட்டிய மடக்கிட்டு நின்னேன். முறம் எறங்கற வரைக்கும் தொடை நடுங்கிப்போச்சு. சேலைக்குள்ள யாருக்குத் தெரியும்? நீங்க டேப்ப எடுக்கறீங்க!"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தன தேரைய அளந்தீங்களே, ஒரு பொம்பளத் தேரைகிட்டயாவது நேரா நில்லுன்னு சொன்னீங்களா?"

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஞாயித்துக்கெழம அவுங்க வாராங்க. அவருகிட்ட நான் மடக்க வேண்டியதில்ல. சும்மா நின்னாப் போதும்."

அந்த வாரம் ஒரு நாள் பைக்கில் போகும்போது அவர் பஸ் எதிரே வந்தது. ஓரங்கட்டி, எனக்கு வழி விட்டு, கையையும் தூக்கினார். நல்ல மனுசன். அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது. அவள் சும்மா நிற்பாள், முறம் தானாகச் சரியும், அத்தைக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். தேரைகளை அளக்கப் போனால், சின்ன ஆணைப் பெரிய ஆண் பின்னங்காலால் உதைத்துத் தள்ளுவதுதான் கண்ணில் பட்டது. அந்தச் சின்னது பெண்ணை விடாமல் கட்டிக்கொண்டிருப்பதை அளவெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, அவர்கள் வருவதற்கு முன்னால், அத்தை வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான். எங்களில் பையன் தானே போய்க் கேட்பது கிடையாது. அத்தை பாய் விரித்துக்கொண்டிருந்தது.

"அத்தை, நான் ஒரு விரல் கம்மிதான். இருந்தாலும் எனக்கே குடுங்க."

"சபையில கேட்டா என்னன்னு சொல்றது சாமி?"

"அவ ஒசரம்னு சொல்லுங்க."

"இதச் சொல்றதுக்கா எம்எஸ்சி படிச்ச?"

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "அன்னிக்கு வெறுங்கால்ல அளந்தாரும்மா. செருப்புப் போட்டா இன்னும் ஒசருவேன். அதையும் இப்பவே ஒத்துக்கச் சொல்லு."

"ஒத்துக்கறேன்" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

அத்தை விரித்த பாயைச் சுருட்டி வைத்தது. பிறகு, "இவளுக்கு வாயும் ஒசரம்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து, வர வேண்டாம் என்று டிரைவர் வீட்டுக்குச் சொன்னது. அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

தை மாதம் கல்யாணம். நிச்சயம் ஆகிவிட்டது, எல்லாம் சரிதான். ஆனாலும் அவளோடு ரோட்டோரம் நின்று பேசும்போது அந்த பஸ் வந்தால் என் பேச்சு நின்றுவிடுகிறது. அவர் ஹாரன் அடிக்கிறார். வளைவுக்குத்தான் அடிக்கிறார், எல்லா டிரைவரும் அடிப்பதுதான். நான் பஸ்ஸைப் பார்ப்பதில்லை. அவள் பார்க்கிறாளா என்று பார்க்கிறேன். அதற்கும் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.