இடமாக ஒரு சுற்று

என் கணவர் தூரத்தைப் பற்றிச் சொல்லும் எதையும் நான் நம்புவதில்லை. நாற்பத்தேழு வயதில் நான் சைக்கிள் வாங்கிய முதல் வாரமே, "முக்கொம்பு இதோ இருக்கு, வா" என்று ஸ்ரீரங்கத்திலிருந்து கிளப்பிக்கொண்டு போனார். எப்போது கேட்டாலும் "இன்னும் கொஞ்ச தூரம்தான்." அந்தக் கொஞ்ச தூரம் முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. கல்யாண மண்டபமானாலும் சரி, டாக்டர் வீடானாலும் சரி, அவருக்கு எல்லாமே கொஞ்ச தூரம்தான்.

அப்படிப்பட்டவர்தான், பச்சைமலை உச்சிக்கு ஏறினால் கீழே மூன்று ஏரிகளை ஒன்றாகப் பார்க்கலாம் என்றார். அவர் சொன்னால் இரண்டுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பார்க்க ஆசை வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் சைக்கிள் இரண்டையும் காரின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினோம். மண்ணச்சநல்லூரில் நெல் அவிக்கும் வாசனை கார் ஜன்னல் வழியாக வந்தது. துறையூர் தாண்டி மலையடிவாரத்தில் காரை நிறுத்தினோம். ஒரு பக்கம் ஏறி, மேலே கொஞ்சம் ஓட்டி, மறுபக்கம் இறங்கி, அடிவாரத்தையும் சுற்றிக்கொண்டு காருக்குத் திரும்பினால் ஒரு சுற்று.

"இடமா சுத்தினா ஏத்தம் நீளம், ஆனா லேசா இருக்கும். வலமா போனா செங்குத்து. எப்படிப் போகலாம்?" என்றார். இதெல்லாம் ஒரு கேள்வியா? நான் சைக்கிள் பழகியதே சித்திரை வீதிகளில், கோவிலை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு. எதிர்த்திசையில் ஒரு நாளும் போனதில்லை. எதைச் சுற்றச் சொன்னாலும் என் ஹேண்டில்பார் வலமாகத்தான் திரும்பும். வலமாகவே ஏறினேன்.

மூன்று ஞாயிறுகள் ஏறினேன். மூன்று முறையும் ஒரே வளைவில், ஒரு பெரிய புளியமரத்தடியில், மூச்சு தீர்ந்து காலை ஊன்றிவிட்டேன். அதற்குமேல் குறைக்க கியரும் இல்லை. திரும்பிப் பார்த்தால் இரண்டு ஏரிகள் தெரிந்தன. ஒன்று பெரியது, கரையெல்லாம் பனைமரம். இன்னொன்று நீளமாக, வெள்ளரிக்காயை நறுக்கி வைத்ததுபோல. மூன்றாவது இருந்தால் மலையின் தோள் அதை மறைத்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் ஏறிப்போன அவர், வளைவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து கத்துவார், "இன்னும் கொஞ்ச தூரம்தான்!"

எரிச்சலாக வரும். அப்படியே திருப்பி, வந்த வழியே இறங்கிவிடுவேன்.

"தள்ளிக்கிட்டாவது வந்து பாக்கலாம்ல?" என்று கேட்டார்.

"தள்ளிக்கிட்டு வர்றதுக்கு எதுக்குங்க சைக்கிள்? மலைக்குத்தான் பஸ் போகுதே" என்றேன்.

வீம்பு பேசிவிட்டேனே தவிர, அந்த மூன்றாவது ஏரி என்னை விடவில்லை. ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போதும் அதே யோசனை. வட்டமா, நீளமா? தண்ணீர் இருக்குமா? போனில் மேப்பைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அது பரீட்சையில் காப்பி அடிப்பது மாதிரி என்று பார்க்கவில்லை.

நான்காவது ஞாயிறு, "சரி, இடமாவே போவோம்" என்றேன். அவர் மழை வருமா என்று வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டது போலத்தான் இருந்தது. ஆனால் ஏற்றம் லேசானது என்று அவர் சொன்னது உண்மை. எனக்கே ஆச்சரியம். மரவள்ளித் தோட்டங்களையும் பலாமரங்களையும் தாண்டி, ஒரு முறைகூடக் கால் ஊன்றாமல் மேலே வந்துவிட்டேன். செங்குத்துப் பக்கம் ரோடு இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினேன்.

ஏரி மூன்றுதான். மூன்றாவது வட்டமாக இருந்தது, பாதி தண்ணீர், பாதி கோரைப்புல். அங்கே நின்று சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன்.

அப்புறம்தான் கீழே பார்த்தேன். ரோட்டோரமாக மூன்று மின்கம்பங்கள். மூன்றாவது கம்பத்தின் பக்கத்தில் ஒரு பெரிய புளியமரம்.

"ஏங்க, அது அந்தப் புளியமரமா?"

"அதேதான்."

"மூணு கம்பமா? இவ்ளோ பக்கத்துலயா நான் திரும்பிப் போனேன்? ஏன் சொல்லல?"

"மூணு வாட்டியும் தொண்டை கிழிய கத்தினேனேம்மா, கொஞ்ச தூரம்தான்னு."

இருபத்து மூன்று வருஷத்தில் முதல் முறையாக அந்த வார்த்தையை உண்மையாகச் சொல்லியிருக்கிறார், நான் நம்பவில்லை. கோபம் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது; அதை மறைக்க, "இனிமே கொஞ்ச தூரம்னு வாயைத் திறக்காதீங்க" என்று அவரிடமே சண்டை போட்டேன். இறங்கும்போது அந்த மரத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி வலமாக ஏறினேன். புளியமரம் வந்தது. வழக்கம்போல மூச்சு தீர்ந்தது, இடது கால் பெடலை விட்டுத் தரையைத் தேடியது. மேலேயிருந்து சத்தமே இல்லை. போன வாரம் நான் போட்ட சண்டைக்குப் பயந்து மனுஷன் வாயைத் திறக்காமல் நிற்கிறார்.

"எவ்ளோ தூரங்க?" என்று இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

தயங்கித் தயங்கி, "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றது குரல்.

நம்பினேன். காலைப் பெடலில் வைத்து மிதித்தேன்.