சீட்டில் எழுதிய பெயர்

பழங்காசு சேர்ப்பதைக் கெட்ட பழக்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்லுவேன்.

அறுபதுகளில், திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் இருந்துகொண்டு, லீவு நாளெல்லாம் சென்னை மூர் மார்க்கெட்டின் பழம்பொருள் கடைகளைக் குடைந்தவன் நான். ஒருமுறை ஏதென்ஸ் நகரத்து வெள்ளிக் காசு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் தேவதை, மறுபக்கம் முட்டைக்கண் ஆந்தை. "ஆந்தையைக் காசு குடுத்து ஆத்துக்கு அழைச்சுண்டு வந்தது லோகத்திலேயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள் என் மனைவி. நானும் சிரித்தேன்.

காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு நியமம் உண்டு. ஒவ்வொரு காசையும் சிறு காகித உறையில் போட்டு, எந்த ஊரில், யாருக்கு, எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்று ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும். சீட்டில்லாத காசை எவனும் மதிக்க மாட்டான். என் சீட்டுகள் அச்சடித்தது போல இருக்கும். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலை கட்ட நிலம் சமப்படுத்திய காண்ட்ராக்டர் ஒருவரிடம், ஆட்கணக்கு எழுதும் டைம் கீப்பராக இருந்தேன். ஒரு நாள் சோற்று வேளையில், மண் சுமக்கும் பெண்ணொருத்தி வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அஸ்திவாரக் குழியில் உடைந்த கலயத்தில் கிடைத்ததாம். நான்கு வெள்ளி, ஒரு தங்கம். ஐந்திலும் ரோமாபுரி அரசர்களின் முகம்.

"வெள்ளிய நீ வச்சிக்கோ சாமி. இந்த மூக்கு நீண்ட ராசா மட்டும் எம்பொண்ணு தாலிக்கு. தையில கண்ணாலம். பொட்டுத் தங்கத்துக்கு இன்னா பண்றதுன்னு பேஜாரா இருந்தேன், பூமாதேவி குட்த்துட்டா."

வெள்ளிக்கு அவள் கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன். மண்ணில் கிடைத்த புதையலைச் சர்க்காரிடம் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். அது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் சீட்டு எழுதினேன். ஊர், குழியின் ஆழம், அவள் பெயர். தை மாதம் கல்யாணத்துக்குப் போய் அட்சதை போட்டுவிட்டு வந்து, 'ஐந்தாவது, தங்கம், மகளின் தாலியில்' என்று ஒரு வரி சேர்த்தேன். கூடக் கிடைத்ததைக் குறிக்காவிட்டால் சீட்டு அரைகுறைதானே!

சித்திரையில் ஒரு ஞாயிறு, சென்னையில் காசு சேர்ப்பவர்கள் கூடினோம். நான்கு வெள்ளியையும் சீட்டோடு பரப்பினேன். எல்லோரும் காசைப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் மட்டும் சீட்டைப் பார்த்தார். இரண்டு தரம் படித்தார். "ரொம்ப விவரமா எழுதியிருக்கீங்க சார்" என்றவர், வந்த காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். போலீஸ்காரரோ என்று எனக்குச் சந்தேகம் தட்டியது.

வீட்டில் சொன்னேன். மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "அந்தப் பொம்மனாட்டி பேரையாவது கிழிச்சுப் போட்டுடுங்கோ." பிளேடை எடுத்துச் சீட்டின் மேல் வைத்தேன். மனசு வரவில்லை. அவ்வளவு அழகான எழுத்து.

திங்கட்கிழமை வேலையிடத்தில் அந்த மண் சுமப்பவளே என்னிடம் வந்தாள். "சாமி, எம்பொண்ணு முழுவாம கீறா" என்று வெட்கத்தோடு சிரித்தாள். தாலியில் இருக்கும் காசைக் கழற்றி ஒளித்து வை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்பாள். நான் எழுதி வைத்ததைச் சொல்ல வேண்டிவரும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். செவ்வாயும் போயிற்று. அவள் கூடையோடு என்னைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் என் கண் சாலைப் பக்கம் போனது.

புதன்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்கு என்னைத் தேடி ஜீப் வந்தது. கூட்டம் நடத்தியவர்களிடம் என் பெயரை விசாரித்து, வீட்டில் காசையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஸ்டேஷனில் எனக்கு நாற்காலி போட்டார்கள். அவள் தரையில் இருந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. என் சீட்டை இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார். படிக்கத் தெரியாதவள், தன் பெயர் காதில் விழுந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

மகளைப் புகுந்த வீட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். மாமியார், மஞ்சள் கிழங்கு கோத்த புதுக் கயிற்றைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். புருஷன் அதைக் கட்டி முடித்த பிறகுதான் பழைய கயிற்றை அவிழ்க்க விட்டாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

காசை மேஜைமேல் வைத்து எடை குறித்துக்கொண்டிருந்தார்கள். தாய்க்காரி தரையிலேயே நகர்ந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"வெள்ளிய யாராண்ட குட்த்தேன்னு காலையிலர்ந்து கேட்டாங்கோ சாமி" என்றாள். "அட்ச்சும் கேட்டாங்கோ. உம்பேர நான் சொல்லல."