பழைய பேங்க்கின் நடு அறை

கள்ளக்குறிச்சியில் ஷேர் ஆட்டோக்காரரிடம் "பழைய பேங்க்" என்றால் போதும். அங்கே பேங்க் இல்லை என்பது அவருக்கும் தெரியும், ஏறுபவருக்கும் தெரியும். ஊர் மாவட்டத் தலைநகரானதும், லிப்டும் வண்டி நிறுத்த இடமும் உள்ள கட்டடத்துக்குக் கிளை போய்விட்டது. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

அந்தக் கட்டடத்தைத் துணிக்கடையாக மாற்றும் வேலை எனக்கு வந்தது. சிவில் படித்துவிட்டுத் தனியாக ஏற்ற முதல் வேலை. கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரு பாய். பஸ் ஸ்டாண்டு அருகே வாடகை இடத்தில் துணிக்கடை வைத்திருந்தார். ரம்ஜானுக்கு முன்பே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பெருநாள் வியாபாரம் போனால் அவருக்கு வருஷமே போன மாதிரி. அதற்குள் புதுக் கடை திறந்தாக வேண்டும். குறுக்கே நின்றது ஒன்றே ஒன்று: கூடத்தின் நட்டநடுவில், பேங்க் பணமும் நகையும் பூட்டி வைத்திருந்த ஸ்ட்ராங் ரூம்.

எந்த வேலைக்கும் எனக்கு முதலில் பட்டியல் வேண்டும். இடிப்பவை, வைப்பவை என்று பிரித்தேன். கவுன்டர் இடிப்பவையில். வாசல் கிரானைட் படி வைப்பவையில். பேனாவைக் கட்டியிருந்த நூல், பேனா இல்லாமல், எதிலும் சேராமல் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்ட்ராங் ரூமை யோசிக்காமல் இடிப்பவையில் எழுதினேன்.

சின்ன வயதில் அம்மாவோடு இங்கே வருவேன். அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து நோட்டுகளுக்கு இஸ்திரி போடுகிறார் என்று நம்பியிருந்தேன். பேங்க் நோட்டு மொடமொடவென்று இருக்க வேறென்ன காரணம் இருக்க முடியும்? இப்போது உள்ளே போனதும், இன்ஜினியர் என்பதை மறந்து மூலையெல்லாம் பார்த்தேன். யாரும் இல்லை. முழங்கை நீளக் கனத்துக்குக் கான்கிரீட் சுவர், அதற்குள் இரண்டு அடுக்குக் கம்பி. அளந்துகொண்டிருந்தபோதே வெளியே பாயின் குரல் கேட்டது.

"இன்னாம்மா இது? இங்கதான் நிக்கிற, போன் போட்டா தொடர்பு எல்லைக்கு அப்பால்ங்குது!"

அந்த நேரம் பார்த்துக் கல்வராயன் மலையிலிருந்து பஸ்ஸில் வந்த கணவன் மனைவி இருவர் பாஸ்புக்கோடு படியேறினார்கள். தினமும் யாராவது இப்படி வந்துவிடுவார்கள்.

"பேங்க் போயிடுச்சுங்க" என்றார் பாய்.

"எங்க போச்சு?"

"மெயின் ரோட்டுக்கு."

"எங்க பணம்?"

"அதுவும் கூடவே போயிடுச்சு."

அந்த அம்மாள் கணவனைப் பார்த்தாள். "பாத்தியா, நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கல."

அவர்களை ஆட்டோ ஏற்றிவிட்டு மாடிக்குப் போனேன். அங்கேதான் பாயின் வீடு. பாயின் மனைவி டீ கொடுத்து, "எங்க வூட்டுல கிரைண்டர் ஓடினாக்கூட ஒரு அதிர்வு இருக்காது" என்று பெருமையாகச் சொன்னார். நான் டீயை வைத்துவிட்டுச் சுவர்களை அளந்தேன். கீழே போய் அளந்தேன். மறுபடி மேலே வந்தேன்; பாயும் பின்னாலேயே ஏறி வந்தார். மாடியின் நடுச்சுவர்கள் நான்கும் ஸ்ட்ராங் ரூமின் சுவர்கள்மேல் பிசகாமல் உட்கார்ந்திருந்தன. கீழே தனியாகத் தூண் எதுவும் இல்லை.

"எங்க அத்தா வேலைம்மா அது" என்றார் பாய், தன் அப்பாவைச் சொல்லி. "பேங்க்குக்காக அவர்தான் அந்த ரூம கட்டிக் குடுத்தாரு. இவ்ளோ கம்பி போட்டாச்சு, சும்மா வுடுவானேன்னு அது மேலயே வூட்ட எழுப்பிட்டாரு."

"அப்போ இடிக்க முடியாது பாய். இடிச்சா அக்காவோட கிரைண்டர் கீழே கடையில ஓடும்."

பாய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "பேங்க்கு போயும் எடம் காலி ஆவலியே. நோன்பு வந்துக்கினே இருக்கு. ஜன்னல் இல்லாத குகைய வெச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?"

இரும்புத் தூண்கள் நட்டு, மாடியைத் தாங்கவைத்து, பிறகு இடிக்கலாம். ஆனால் அதற்குள் பெருநாளே முடிந்துவிடும். பட்டியலின் ஓரத்தில் நாட்களைக் கூட்டிப் பார்த்து அடித்தேன். பாயின் மனைவிதான் கேட்டார்.

"கீழ அந்த ரூம்ல போன் எடுக்காதுன்னு சொன்னாரே, நெசமா?"

"ஆமாங்கக்கா. அவ்வளவு கம்பி."

அவர் ஒரு நிமிஷம் கணவரைப் பார்த்தார். "அப்போ பொடவ செக்ஷன அங்க போடுங்க."

"இன்னாத்துக்கு?"

"போடுங்கன்னா."

பாய்க்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பட்டியலில் ஸ்ட்ராங் ரூமை வைப்பவைக்கு மாற்றினேன். பூட்டைக் கழற்றிவிட்டு, கதவு யாரையும் உள்ளே அடைக்காதபடி திறந்த நிலையிலேயே வெல்டு வைத்தோம். பழைய காற்றுத் துளையில் விசிறி. சுவரெல்லாம் கண்ணாடி, மஞ்சள் விளக்கு.

நோன்புக்கு முன்பே கடை திறந்தது. நோன்பு நாளில் ஒரு மாலை என் வேலைக்கான பில்லைக் கொடுக்கப் போனபோது, பாஸ்புக் வைத்திருந்த அதே மலைக்காரர் வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள போனவளுக்குப் போனே போகமாட்டேங்குது. கடைசி பஸ்ஸு போயிடும்."

பாய் அவருக்கு நாற்காலி போட்டார். அவர் கையிலும் போன் இருந்தது.

"உக்காருங்கண்ணே. எங்க வூட்டுக்காரியும் அங்கதான் இருக்கா. நோன்புக் கஞ்சி ஆறிக்கினு இருக்குன்னு சொல்லலாம்னு எத்தினி வாட்டி போட்டுட்டேன்!"

உள்ளேயிருந்து இரண்டு பெண்களும் சிரிக்கும் சத்தம் கேட்டது. பாய் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, இன்னொரு புடவைக்குப் பில் எழுதத் தயாரானார்.