ஆர்லிஸ் அடைத்த ஓட்டைகள்

என் ஓரகத்தி ஆர்லிஸ், விஸ்கான்சின் பனியில் வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். வண்டி ஓட்டுவதைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. என் கணவர் வெர்லின் மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தார்.

அவருடைய அண்ணன், ஆர்லிஸின் கணவர் ராய்ஸ் இறந்தபோது 1949ஆம் வருஷத்து ஹட்சன் கார் ஒன்று கராஜில் பாதி பிரித்தபடி கிடந்தது. ஆர்லிஸ் அதைத் தனக்கு விற்றுவிடுவாள் என்று வெர்லின் நினைத்தார். அவளோ தானே மாட்ட ஆரம்பித்துவிட்டாள். இவர் விடுகிற ஆளா? போரில் இறந்தவர்களை நினைக்கும் மெமோரியல் டே ஊர்வலத்தில் ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்காமல் ஊரைச் சுற்றி வந்துவிட்டால் வண்டியை இனி விலைக்குக் கேட்க மாட்டேன், கொதித்தால் எனக்கே விற்றுவிட வேண்டும் என்றார். ஆர்லிஸ் உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டே சரி என்றாள்.

பழைய வண்டிகளுக்கு ஊர்வலம்தான் எமன். பேண்டு வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் நடைவேகத்தில் ஊர்ந்தால் எதிர்க்காற்றே இருக்காது. எஞ்சினுக்கு முன்னால் சுற்றும் விசிறி ஒன்றுதான் ரேடியேட்டரைக் காப்பாற்ற வேண்டும்.

அதனால் விசிறியைக் கழற்றித் துருவைத் தேய்த்தாள். ஒரு இதழின் நுனியில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன. பார்க்க வந்த வெர்லின் அதை விரலால் தடவி, பானெட்டைத் திறந்து பார்க்கிறவன் சிரிப்பான், அடைத்துவிடு என்றார். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஈயத்தை உருக்கி அடைத்து, அரம் போட்டு, மேலே கறுப்புப் பெயிண்டைத் தாராளமாக அடித்தாள். முகம் பார்க்கலாம் போல மின்னியது.

மாட்டி ஸ்டார்ட் செய்தாள். மெல்ல ஓடியபோது ஒன்றும் தெரியவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஸ்டியரிங்கே கையில் உதறியது. இப்படியே ஓட்டினால் விசிறி மாட்டியிருக்கும் தண்ணீர் பம்பின் பேரிங் தேய்ந்து ஒழுகும், ஒழுகினால் கொதிக்கும்.

"உனக்கெதுக்கு இந்த வம்பு ஆர்லிஸ், சாவியக் குடு, நான் பாத்துக்கறேன்" என்றார் வெர்லின்.

"சாவி என் பர்ஸுல இருக்கு. அங்கயே இருக்கட்டும்."

மறுநாள் நான் போனபோது மேஜைமேல் இரண்டு இரும்புச் சட்டங்களை மட்டம் பார்த்து வைத்திருந்தாள். விசிறியின் நடுவில் ஒரு கம்பியைச் செருகி, சட்டங்களின் மேல் உருளவிட்டாள். ஈயம் அடைத்த இதழ் தானாகக் கீழே வந்து நின்றது. அதை மேலே திருப்பிவிட்டாள். மறுபடி அதுவேதான் இறங்கியது. ஆர்லிஸ் சிரித்துவிட்டாள்.

"அது துரு தின்ன ஓட்டை இல்ல கானி. எடை சரியா வர ஃபேக்டரிலயே போட்டது. நான் போய் அதுல ஈயத்த ஊத்தி வச்சிருக்கேன்."

வெர்லின் பெயரை அவள் எடுக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் நான் எடுத்தேன். இவர் ஒரு துண்டு பிராட்வர்ஸ்ட் சாஸேஜை வெகுநேரம் மென்றார்.

ஆர்லிஸ் ஈயத்தை உருக்கி வழித்தாள். பெயிண்டையெல்லாம் சுரண்டி, இதழ்களைப் பிணைக்கும் ரிவெட்டுகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்த்தாள். பிறகு லேசாகப் பெயிண்ட் அடித்துக் காயவைத்தாள். இப்போது வேறொரு இதழ் கொஞ்சம் இறங்கியது. அதன் பின்பக்கம் அரத்தால் இரண்டு இழுப்பு, ஒரு சோதனை. மறுபடி ஒரு இழுப்பு. கடைசியில் எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது விசிறி.

ஊர்வலத்தன்று வெர்லினை முன்சீட்டில் உட்காரச் சொன்னாள். நான் பின்னால். கல்லறைத் தோட்டத்துத் திருப்பத்தில் ஊர்வலம் மொத்தமும் நின்றுவிட்டது. வெயில் வேறு. சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. வெர்லின் முள்ளையே பார்த்தார்.

ஆர்லிஸ் எஞ்சினை அணைக்கவில்லை. நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை நிதானமாக மிதித்தாள். விசிறி காற்றை இழுத்துக்கொண்டு இரைந்தது. வெர்லின் டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒரு அதிர்வும் இல்லை. முள் நின்றது. பிறகு இறங்கியது.

கூட்டம் நகர்ந்தது. ஊரைச் சுற்றி முடித்து, வீட்டுப் பாதையில் திரும்பியபோது வெர்லின் ஸ்டியரிங்கைப் பார்த்தார். மிச்ச தூரம் நான் ஓட்டட்டுமா என்றார்.

"கேக்க மாட்டேன்னு சொன்னியே?"

"விலைக்குத்தான் கேக்க மாட்டேன்னேன். ஓட்டக் கேக்கலாம்ல?"

"கேக்கலாம்" என்று சொல்லி, ஆர்லிஸ் அடுத்த கியரைப் போட்டாள்.