வால் வரைக்கும் வெள்ளைக் கட்டு

எங்கள் நிலத்தில் முளைப்பதற்கெல்லாம் பேர் தெரியாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கருவேப்பிலங்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் துண்டு நிலம்தான். வரப்பில் புதிதாக ஒரு செடி தலைகாட்டினால் செல்போனில் படம் எடுத்து, நாலு பேரிடம் காட்டி, பேரைக் கண்டுபிடித்தால்தான் மறுவேலை. வீட்டுக்காரருக்கு இது கிண்டல். "களைக்கு எதுக்குடி பேரு? ரேஷன் கார்டுல சேக்கப் போறியா?" என்பார்.

செடியோடு நிறுத்தியிருக்கலாம். பாம்பிலும் கைவைத்தேன். கோடையில் மோட்டார் கொட்டகையில் கறுப்பு உடம்பில் வெள்ளைக் கட்டுப் போட்ட பாம்பைப் பார்த்து, கட்டுவிரியன் என்று ஊரைக் கூட்டினேன். பாம்பு பிடிக்க வந்தவர் அதைக் கையில் சுற்றிக்கொண்டு சிரித்தார். அது விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனாம். அன்றிலிருந்து பக்கத்து நிலத்துக்காரரான வீட்டுக்காரரின் அண்ணன், என்னை எங்கே பார்த்தாலும் "என்னம்மா, இன்னிக்கி என்ன விரியன்?" என்றுதான் கேட்பார். எரிச்சலாக வரும். அந்த எரிச்சலில்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்துப் பக்கம் கட்டு பளிச்சென்று இருக்கும், வால் பக்கம் போகப்போக மங்கிவிடும். கட்டுவிரியனுக்குக் கழுத்தருகே தெரியாது, வால் வரைக்கும் பளிச்சென்று ஓடும்.

எனக்கு வேலை விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில். சூளையில் வெடித்த சாமானை எங்கள் பக்கத்தில் வீணாக்க மாட்டோம். கேட்டு வாங்கிவந்து வாய்க்கால் கரைக்கு அணை கொடுப்போம். கொட்டகை ஓரமாக உடைந்த குழாயும் கிண்ணமுமாக நாங்களும் ஒரு குவியல் போட்டிருந்தோம். பாம்புக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்று அத்தனை பேர் தெரிந்த எனக்கு உறைக்கவில்லை.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு சாயங்காலம் கரை உடைந்துகொண்டது. வீட்டுக்காரர் குவியலுக்குள் கையை விட்டு ஒரு குழாயை இழுத்தார். சட்டென்று கையை உதறினார். உடைசல்களுக்கு நடுவே ஒரு பாம்பின் பின்பாதி வழுக்கி மறைந்தது. தலையை நான் பார்க்கவில்லை. பார்த்தது வாலை மட்டும்தான். நுனி வரைக்கும் வெள்ளைக் கட்டு.

"எறும்பு கடிச்சாப்புலதான் இருக்குது. வலியே இல்ல" என்றார். வீக்கமும் இல்லை. கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது என்று எனக்குத் தெரியும்.

சத்தம் கேட்டு அண்ணன் ஓடிவந்தார். வரும்போதே வரப்பில் ஒரு கொத்து சிறியாநங்கை இலையைப் பறித்துவந்து தம்பியின் வாயில் திணித்தார். கடித்தது விஷப்பாம்பு என்றால் அந்த இலை கசக்காது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

"கசக்குதாடா?"

"வேப்பங்கொட்டையாட்டம் கசக்குது."

"அப்ப ஒண்ணுமில்ல. வூட்டுக்குப் போயி படுடா" என்றார் அண்ணன். முகமெல்லாம் நிம்மதி.

"கட்டுவிரியன் மாமா. வாலைப் பாத்தேன்."

"நீ போன தடவையும் அதான் சொன்ன."

மழை மசங்கலில் ஒரு நொடி பார்த்த வால். மறுபடியும் தப்பாக இருந்தால் ஊர் சிரிக்கும். சரியாக இருந்தால்? இவரோ கையைக் கழுவிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார். எனக்கு வந்ததே ஒரு கோபம்.

"சிரிக்கறவங்க சிரிக்கட்டும். இவர் செத்தா நீங்களா வந்து குடும்பம் நடத்துவீங்க? வண்டியில ஏத்துங்க மாமா!"

அவரிடம் நான் குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. தம்பியைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றினார். வண்டியை நான் ஓட்டினேன். இவர் நடுவில், பின்னால் அண்ணன். பேசிக்கொண்டே வரச் சொன்னேன்.

"நீ பேசு. ஒன் களைப் பேரையெல்லாம் சொல்லிக்கிட்டு வா" என்று சிரித்தார்.

சொன்னேன். கொட்டகையிலிருந்து நடக்கிற வரிசையில் சொன்னேன். தும்பை, குப்பைமேனி, நாயுருவி. முதலில் ஒவ்வொன்றுக்கும் கிண்டல் செய்தார். பிறகு உம் கொட்டினார். விருத்தாசலம் எல்லைக்குள் நுழையும்போது உம் குழறியது. "கண்ணு சொருவுதும்மா, இவன் கண்ணு சொருவுது!" என்று பின்னாலிருந்து அண்ணன் அலறினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வண்டியைக் கீழே போட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும் "கட்டுவிரியன்" என்றேன். இவர் இமை சரிந்திருப்பதைப் பார்த்து டாக்டரும் தலையாட்டினார். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அப்படியும் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுபோனது. தொண்டையில் குழாய் வைத்தார்கள், இவருக்குப் பதிலாக மிஷின் மூச்சு விட்டது. கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை. அண்ணன் கட்டில் காலடியில் நின்று, "போயிட்டானா? சொல்லுங்க, போயிட்டானா?" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கையில் மிச்ச இலை அப்படியே கசங்கிக் கிடந்தது. அதைப் பிடுங்கி எறிந்தேன்.

சாமி பேர்கூட வாயில் வரவில்லை. குனிந்து வீட்டுக்காரர் காதில் மறுபடியும் கொட்டகையிலிருந்து ஆரம்பித்தேன். தும்பை, குப்பைமேனி, நாயுருவி, துத்தி, கொழிஞ்சி. புளியமரத்தில் கரிச்சான், வேலியில் செம்போத்து. முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. பார்க்க உள்ளே விடும்போதெல்லாம் அதையேதான் சொன்னேன். பயத்தில் எதைச் சொன்னேன், எதை விட்டேன் என்று நினைவில்லை.

சில நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். குரல் எழும்பவில்லை. சைகை காட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன்.

"எல்லாம் கேட்டுச்சுடி" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னார். "கெணத்து மேட்டு ஆவாரையை ஒவ்வொரு தடவையும் வுட்டுட்டுப் போற. எப்ப சொல்லுவன்னு கெடந்தேன்."