கடைசி எண் மட்டும் மாறிய கேமரா

என் கேம்கார்டரின் புது மாடல் வந்துவிட்டது என்று கடைக்காரர் போன் செய்தபோது ஆடி பிறந்திருந்தது. ஆடியில் தமிழ்க் கல்யாணம் கிடையாது. கல்கத்தாவுக்கு வந்து எத்தனையோ பழக்கங்களை விட்டுவிட்டவர்கள்கூட இதை மட்டும் விடுவதில்லை. ஆகவே கல்யாண வீடியோ எடுக்கும் கேமராவைத் துடைத்து வைத்துவிட்டு, மழையைப் பார்த்துக்கொண்டு கவலைப்பட எனக்கு நிறைய நேரம் இருந்தது.

புது மாடல் என்று சொல்வதே அதிகம். பெயரில் கடைசி எண் மட்டும் ஒன்று கூடியிருந்தது. அதே லென்ஸ், அதே பேட்டரி, அதே கறுப்பு உடம்பு. சார்ஜ் செய்யும் துளையை மட்டும் மாற்றியிருந்தார்கள், வீட்டில் கிடக்கும் பழைய ஒயர்கள் குப்பைக்குப் போகட்டும் என்ற நல்லெண்ணத்தில். பழையது கையில் இருப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம் என்று இன்டர்நெட்டில் ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். வேறு சமயமாக இருந்தால் நானும் கம்பெனிக்காரனை நன்றாகத் திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் விளம்பரத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி முன்பைவிட மேம்பட்டிருக்கிறதாம். அந்த வரி என்னைப் பிடித்துக்கொண்டது. என் கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

அதை முதலில் சொன்னது பாலிகஞ்சில் தை மாதம் கல்யாணமான ஒரு பெண். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட வங்காளம் அவளுக்கு நன்றாக வரும். வீடியோவைக் கொடுத்த மறுநாள் போனில் கூப்பிட்டாள்.

“காகு, எல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு. தாலி கட்டற இடம் மட்டும் கொஞ்சம் ஜாப்ஷாவா இருக்கு. எங்க டிவிலதான் ஏதோ ப்ராப்ளம்னு நினைக்கிறேன்.”

காகு என்றால் சித்தப்பா, ஜாப்ஷா என்றால் கலங்கல். அவள் வீட்டு டிவியில் ஒரு கோளாறும் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இப்படி மரியாதையாகச் சொல்வதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். சால்ட் லேக்கில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். அவர் என்னை ஒரு காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார். நான் வரைந்ததைப் பார்த்து வேறெதுவும் கேட்கவில்லை. மாத்திரை கொஞ்சம் அடக்கும், நாள் போகப்போக நடுக்கம் கூடத்தான் செய்யும் என்றார்.

இந்த ஊரில் வீடியோ எடுப்பவர்களுக்குப் பஞ்சம் இல்லை. டிரோன் பறக்க விடுகிறார்கள், மணப்பெண் படியிறங்குவதைச் சினிமா மாதிரி காட்டுகிறார்கள். அப்படியிருந்தும் தமிழர்கள் இத்தனை வருஷம் என்னைத் தேடி வந்ததற்கு ஒரே காரணம் மூன்று முடிச்சு. முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய சகோதரி, பெண்ணுக்குப் பின்னால் நின்று போடுவாள். அந்த நேரம் பார்த்து மண்டபமே எழுந்து அட்சதை போட மேடையை நெருக்கும். முன்னால் நிற்கும் கேமராவுக்கு மாப்பிள்ளையின் முழங்கையும் மாலையும்தான் கிடைக்கும். ஸ்டாண்டு வைக்க இடம் இருக்காது. பின்பக்கமாகப் போய், கேம்கார்டரின் பட்டைக்குள் கையை நுழைத்து, தலைகளுக்கு மேலே நீட்டி, அதன் சின்னத் திரையைக் கீழே திருப்பிப் பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டும். பெரிய கேமராவை ஒற்றைக் கையில் அப்படித் தூக்க முடியாது. எனக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான். அதற்குத் தேவையானது ஆடாத ஒரு கை.

பெஹாலாவில் ஓர் அம்மாள் இருக்கிறார். இந்த ஊரில் நான் முதன்முதலாக எடுத்தது அவருடைய கல்யாணத்தைத்தான். அவருடைய மூத்த மகள் கல்யாணத்தின்போது நான் கண் ஆபரேஷன் செய்துகொண்டு கட்டோடு கிடந்ததால் வங்காளிக் குழு ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் மாலை மாற்றுவதை அற்புதமாக எடுத்தார்கள். வங்காளிக் கல்யாணத்தில் அது பெரிய விஷயம். அதன் பிறகு தாலி கட்டும் நேரம் வந்தது, யாரோ கையை உயர்த்திக் கெட்டிமேளம் என்று கத்தினார்கள், நாயனமும் தவிலும் ஒரேயடியாக முழங்கின. உடனே இரண்டு கேமராக்களும் சட்டென்று திரும்பி மேளக்காரர்களைப் படம் பிடித்தன. இவ்வளவு சத்தம் எங்கே வருகிறதோ அங்கேதான் விசேஷம் என்று அவர்கள் நினைத்தது நியாயம்தானே. அந்த வீடியோவில் தவில்காரரின் விரல்கள் ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரியும். தாலி ஏறியதற்குச் சாட்சி இல்லை.

அந்த அம்மாள் இதைச் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார், முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார். இளைய மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்ததும் முதல் போன் எனக்குத்தான் வந்தது.

“அண்ணா, இந்தத் தடவை நீங்கதான். எனக்கு வேற எதுவும் வேண்டாம். மூணு முடிச்சும் கண்ணுல தெரியணும்.”

பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன். ஆக, அந்தக் கேமராவை வாங்குவதா வேண்டாமா என்பது அந்த அம்மாளுக்கு என்ன பதில் சொல்வது என்பதாகிவிட்டது. பழையதில் என்னால் முடியாது. புதியதில் முடியுமானால் இன்னும் ஒரு கல்யாணம், அதற்குப் பிறகு இன்னொன்று என்று கொஞ்ச காலம் ஓட்டலாம். அந்தக் கல்யாணங்களை விட்டால் நான் காலையில் எழுந்து குளித்துச் சட்டை போடுவதற்கு வேறு காரணம் இல்லை. ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றபோது எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. இது அப்படி இல்லை.

என் மனைவியிடம் கேட்டேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

“வேணும்னா வாங்குங்க. ஆனா பழைய கேமரா சரியில்லைன்னு மட்டும் ஊர்ல சொல்லிட்டுத் திரியாதீங்க. அது பாவம், என்ன பண்ணுச்சு?”

மழை கொஞ்சம் விட்ட ஒரு நாள், கணுக்கால் தண்ணீரில் நடந்து கடைக்குப் போனேன். பழைய கேமராவையும் எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் வங்காளி, வெகுநாள் பழக்கம். தேநீர் வரவழைத்தார். நான் டம்ளரைத் தொடவில்லை. தொட்டால் தெரிந்துவிடும். எதிரே குடைக்கடை ஒன்றின் பெயர்ப்பலகை இருந்தது. முதலில் பழையதில் அதை எடுத்தேன். பிறகு புதியதைக் கையில் வாங்கிப் பட்டைக்குள் கையை நுழைத்து, மேடையில் செய்வதுபோல் தலைக்கு மேலே நீட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் ஆயுளில் ஒரு கேமராவை அவ்வளவு கவனமாகப் பிடித்ததில்லை.

கடைக்காரர் சிரித்தபடி வங்காளத்தில் சொன்னார்:

“தாதா, டெஸ்ட் பண்ணுறதுக்காக அவ்வளவு ஆட்ட வேண்டாம். எந்த கேமராவும் தாங்காது. சாதாரணமா பிடியுங்க.”

அவர் மேல் தப்பில்லை. கேமரா வாங்க வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் வேண்டுமென்றே ஆட்டிப் பார்ப்பார்கள். சாதாரணமாகத்தான் பிடித்திருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. “சரிதான், ரொம்ப ஆட்டிட்டேன்” என்று நானும் சிரித்தேன்.

இரண்டையும் கடை டிவியில் போட்டுக் காட்டினார். பழையதில் குடைக்கடைப் பலகை பொடிப்பொடியாக நடுங்கியது. புதியதில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. அடுத்த கணம் பலகை ஒரு பக்கமாக வழுக்கிப் போய், வெடுக்கென்று திரும்பி வந்தது. மறுபடி நின்றது, மறுபடி வெடுக்கென்றது. கேமரா தன்னால் ஆனமட்டும் தாங்கிப் பார்த்துவிட்டு அவ்வப்போது கைவிட்டுக்கொண்டிருந்தது. முடிச்சு விழ ஆகும் நேரம் கொஞ்சம்தான். படம் நிற்கும்போது விழுமா, வழுக்கும்போது விழுமா, யார் கண்டது? இன்னொருவர் பெண்ணின் தாலியை வைத்து நான் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது.

அடுத்த வருஷம் இன்னும் நல்லதாக ஒன்று வரும், அதுவரை பொறுத்திருக்கலாம் என்றார் கடைக்காரர். அடுத்த வருஷம் என் கை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

அன்று மாலை பெஹாலாவுக்குப் போன் செய்தேன்.

“என்னால முடியாதும்மா. கை நடுங்குது.”



“உடம்பைப் பாத்துக்குங்கண்ணா” என்றார் அந்த அம்மாள். “நீங்க வந்து உக்காந்தாலே போதும்.”

ஆவணியில் போனேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கல்யாணத்துக்குக் கேமரா இல்லாமல் வெறுங்கையோடு போனேன். வந்திருந்தது வேறொரு வங்காளிக் குழு. அவர்களுடைய தலைவனைத் தனியாக அழைத்து எல்லாம் சொன்னேன். கெட்டிமேளம் முழங்கும்போது அந்தப் பக்கமே திரும்பாதே, பெண்ணுக்குப் பின்னால் போ, மூன்று முடிச்சு, மூன்றும் வேண்டும். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். “சிந்தா கொர்பேன் நா, காகு” என்றான், கவலை வேண்டாம் என்று.

என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கையில் அட்சதை கொடுத்தார்கள். நேரம் நெருங்க நெருங்க விரலிடுக்கு வழியாக அரிசி என் வேட்டியில் உதிர்ந்துகொண்டே இருந்தது. கெட்டிமேளம் என்று குரல் வந்ததும் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து எனக்கு முன்னால் போனார்கள். நானும் எழுந்தேன். முதுகுகளும் கொண்டைகளும்தான் தெரிந்தன. இத்தனை வருஷமாக இந்த ஊர்த் தமிழ்ப் பெண்களின் தாலி முடிச்சை என்னைப்போல் அருகில் பார்த்தவர் இந்தக் கூட்டத்தில் இல்லை. இந்த ஒன்றை நான் பார்க்கவில்லை. தலைகளுக்கு மேலே தெரிந்தது கேமராவின் சிவப்பு விளக்கு மட்டும். அது ஒரு கணம் தயங்கியது. பிறகு மெதுவாக மேளக்காரர்கள் பக்கம் திரும்பியது.

கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். கையில் மிச்சமிருந்த நாலு அரிசியை வீசினேன், அது எனக்கு முன்னால் நின்றவரின் சட்டையோடு நின்றுவிட்டது.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அந்த அம்மாள் தாம்பூலப் பையோடு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணா, நீங்க சொல்லிக் குடுத்ததாலதான் எனக்கு நிம்மதி. மூணும் வந்திருக்கும், இல்ல?”

“வந்திருக்கும்மா” என்றேன். பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.